வெள்ளவத்தையில் அழுகும் பெருக்கமரக் கன்று: காப்பாற்ற வழி உண்டா?

மன்னார்த் தீவில் பொறுக்கிய காயின் விதையில் முளைத்த பெருக்கமரக் (baobab) கன்று, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில் அழுகிக்கொண்டிருக்கிறது.

வயது 14 மாதம், முழங்கால் உயரம், 12 அங்குலச் சிமெந்துச் சாடி. ஏப்ரல் வரை குறையில்லை. மே மழை தொடங்கியதும் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இப்போது தண்டின் அடியை அமுக்கினால் கனிந்த வாழைப்பழம்போல் விரல் உள்ளே போகிறது. நாற்றமும் வருகிறது.

பிழை என் பாசத்தில்தான் இருக்க வேண்டும். ஊர் மண்ணே வேண்டுமென்று, மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து கரிய களிமண்ணை உரப்பையில் கட்டி பஸ்ஸில் சுமந்து வந்தேன். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண், இங்கே காயவே மறுக்கிறது. மன்னாரில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. அங்குள்ள கட்டுக்கரைக் குளத்துக்கே அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத்தான் தண்ணீர் அனுப்புகிறார்கள். கொழும்பிலோ மழை அதைவிட இரு மடங்குக்கும் மேல்.

மூன்று வாரமாகத் தண்ணீர் விடவில்லை. கூரைக்குக் கீழே நகர்த்தினேன். பூஞ்சைகொல்லித் தூளும் போட்டேன். "மன்னார்ப் பள்ளிமுனையில் 19 மீற்றர் சுற்றளவில் நிற்கிற பெருக்கமரத்துக்கு யார் தூள் போட்டது?" என்று அம்மம்மா சிரிக்கிறார்.

நுனி மட்டும் இன்னும் பச்சையாக, கெட்டியாக இருக்கிறது. அழுகிய அடியை வெட்டி எறிந்து, மேல்தண்டைக் காயவைத்து மணலில் நட்டால் வேர் பிடிக்குமா?