தடத்தை அடைத்துவிட்டார்கள், வழி சொல்லுங்கள்

எங்கள் தோட்டத்துக்குப் போக, பக்கத்துக் காட்டின் (விவசாய நிலத்தைத்தான் காடு என்போம்) வரப்பை ஒட்டி ஒரு வண்டித்தடம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து அதில்தான் போய்வருகிறோம். போன மாதம் அந்தக் காட்டை வாங்கியவர் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார். கேட்டால், "என் பத்திரத்தில் தடமே இல்லையே" என்கிறார்.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவைப் படித்தேன். 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகவே அனுபவித்திருந்தால் வழியுரிமை உண்டு. அடைத்தபின் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். அனுமதி வாங்கி நடந்திருந்தால் செல்லாது. இங்கேதான் எனக்கு உதறல். அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் பழைய காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் டிராக்டர் விடுவார். மரியாதைக்குச் சொன்னது அனுமதி கேட்டதாகிவிடுமா?

13-வது பிரிவில் வரும் அவசிய வழி, அதாவது ஒருவர் கையில் இருந்த நிலம் பிரிந்தபோது வேறு வழியே இல்லாத பகுதிக்குக் கிடைக்கும் வழியுரிமை, எங்களுக்குப் பொருந்தாது. இரண்டு காடும் ஒருகாலத்திலும் ஒருவர் கையில் இருந்ததில்லை.

எங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உட்பட" (வழக்கமான வண்டிப்பாதை உரிமையும் சேர்த்து) என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) தடம் இல்லை. இப்படி ஒரு நிலையில் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தச் சாட்சி எடுபட்டது? அப்புறம், வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கலாமா?