சரக்குக் கப்பலில் பயணியாகப் போக முடியுமா?

திருச்சிக்காரன்:
வங்கி வேலையிலிருந்து வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். சரக்குக் கப்பலில் ஒருமுறையாவது போக வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. சொகுசுக் கப்பலின் ஆட்டமும் பாட்டும் எனக்கு ஒத்துவராது. எந்த வகைக் கப்பல்களில் பயணிகளை ஏற்றுகிறார்கள்?

பழைய இன்ஜின் அறை:
22 ஆண்டுகள் கப்பல் இன்ஜினோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், ஐயா. எண்ணெய் டேங்கரை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் கண்டெய்னர் கப்பல்தான், அதிலும் 12 பேர்தான் உச்சம். 13ஆவது பயணி ஏறினால், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். உயிர்காப்புப் படகு, தீத்தடுப்பு எல்லாவற்றுக்கும் வேறு விதி. டாக்டர் கிடையாது. காய்ச்சல் வந்தால் கப்பல் அதிகாரி ஒருவர்தான் மருந்துப் பெட்டியைத் திறப்பார். அதனால்தான் உடற்தகுதிச் சான்று கேட்பார்கள்.

என் கப்பலில் ஒருமுறை ஜெர்மானியத் தம்பதி ஏறினார்கள். கடல் தெரியும் அறை என்று நம்பி வந்தவர்களுக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு பச்சைக் கண்டெய்னர். இரண்டு துறைமுகம் தாண்டி அதை இறக்கிய பிறகுதான் அந்த அம்மா அறையிலிருந்து கடலைப் பார்த்தார். அதற்குள் எங்கள் சமையல்காரரிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்!

கொரோனாவுக்குப் பின் பல நிறுவனங்கள் பயணிகளை ஏற்றுவதையே நிறுத்திவிட்டன. விசாரித்துவிட்டுக் கனவு காணுங்கள்.

பினாங்குப் பேரன்:
12 பேரா? எங்கள் தாத்தா வந்த ரஜூலாவில் டெக்கில் மட்டுமே ஆயிரக்கணக்கானோர் பாய் விரித்துப் படுப்பார்களாம். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. கூடவே வெங்காய மூட்டைகள். தாத்தாவின் சட்டையில் அந்த வாடை எத்தனை துவைத்தும் போகவில்லை என்று பாட்டி சொல்வார்.

பழைய இன்ஜின் அறை:
தம்பி, அது பயணிகளுக்கும் சரக்குக்கும் சேர்த்தே கட்டிய வகை. இன்றும் உண்டு. பசிபிக் கடலில் தாஹிதியிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போகும் அரானுயி 5 கப்பலில் முன்பக்கம் கிரேனும் சரக்கும், பின்பக்கம் பயணிகள் அறைகள். ஐயாவுக்குக் கைக்கெட்டுவது சென்னையிலிருந்து அந்தமான் போகும் கப்பல். மூன்று நாள் வரை ஆகும். அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் போனால் செலவும் குறைவு.

திருச்சிக்காரன்:
அந்தமான் என்றதும் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. பங்க் வகுப்பில் போர்வை தருவார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா?