குதிகாலில் விழும் ஓட்டையும் பங்குனி வெயிலில் வாடும் கத்தரியும்

கேள்வி (கும்பகோணம்):
கனடாவிலுள்ள மகளுக்காக, 2.5 மி.மீ. ஊசிகளில் 64 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றிக் கம்பளிக் காலுறை பின்னி வருகிறேன். குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டையான குதிகால் மடலை முடித்து ஓரத்துக் கண்ணிகளை எடுத்துச் சேர்க்கும் மூலையில் மட்டும், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிடுகிறது. கொல்லையிலோ, தை மாதம் நட்ட கத்தரி இந்தப் பங்குனி வெயிலில் நண்பகலுக்குள் தலை தொங்கிவிடுகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில் (திருவையாறு):
அந்த மூலையில், மடலுக்கும் மேற்பாதக் கண்ணிகளுக்கும் இடையில் ஓடும் நூலை முறுக்கி ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் ஓட்டை அடைபடும். வியர்த்த கையில் கம்பளி நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது என்பதால், நான் விடியற்காலையில்தான் பின்ன உட்காருகிறேன்.

பதில் (மன்னார்குடி):
மாலையில் செடி தானே நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலும் வாடியிருந்தால்தான் வேரைப் பார்க்க வேண்டும். நம் டெல்டாக் களிமண் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து ஈரத்தை விட்டுவிடும். ஆகவே தூரைச் சுற்றி, தண்டில் படாமல், நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, விடியலில் தண்ணீர் விடுங்கள். வீட்டில் மாடு இருந்தால் வைக்கோலுக்குக் காவலும் வேண்டும்!

கேள்வி கேட்டவர்:
குதிகால் வரை பிரித்துப் பின்னிவிட்டேன், மூலை மூடிக்கொண்டது. வைக்கோலை நாளை பரப்புகிறேன்.