புதுப்பிப்பு: காரைக்குடியில் பழைய போர்தோ, பாட்டிலைத் திறந்த பிறகு

போன பதிவில் கேட்டது: பிரான்ஸின் போர்தோ பகுதியில் செய்த 1996 ரெட் ஒயின், ஒரே பாட்டில், பத்துப் பேர், செட்டிநாட்டு வெயில், எப்படிப் பரிமாறுவது? திறந்தாயிற்று.

இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்ததால் வண்டல் முழுக்க அடியில் படிந்திருந்தது. இந்த வயதில் கார்க் நொறுங்கும். திருகாணியை விட, இருபக்கமும் தகடு இறங்கும் திறப்பான்தான் பத்திரம். பாட்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் நிதானமாக டிகாண்டரில் (ஒயினை வண்டலிலிருந்து பிரித்து ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி, வண்டலின் கறுப்பு இழை கழுத்தை எட்டியதும் நிறுத்த வேண்டும். அடியில் 50 மில்லி போனது. ஆளுக்கு 70 மில்லி.

பெரிய சிக்கல் சூடுதான். 32 டிகிரி கூடத்தில் ஒயின் சட்டென்று சூடேறும். ஆல்கஹால் நெடி மணத்தை அமுக்கிவிடும். 15 டிகிரியில், பாதிப் பாதியாக இரண்டு தடவை ஊற்றுங்கள். மீதி டிகாண்டர் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இருக்கட்டும்.

ஆத்தங்குடி டைல்ஸின் நிறம் கிளாஸில் விழுந்து ஏமாற்றும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தபோதுதான் ஓரத்துச் செங்கல் நிறம் தெளிவாகத் தெரிந்தது. மணம் அபாரம்: தேவதாரு, புகையிலை, ஈரச் சருகு. அரை மணியில் மங்கத் தொடங்கியது. இளம் ஒயின்போல மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள்.

மிளகு வறுவலைத் தள்ளி வையுங்கள், காரம் டேனினின் (திராட்சைத் தோல், விதையிலிருந்து ஒயினில் இறங்கும் பொருள்) துவர்ப்பையும் வாய் எரிச்சலையும் கூட்டும். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி இல்லாமல், நன்றாகப் பொருந்தியது.