ரோமாபுரிக் கடனும் பட்டாவில் இருந்த பெயரும்

தண்டையார்ப்பேட்டையிலிருந்து:

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்குத் தருமபுரிப் பக்கம் சொந்த ஊர். போன கார்த்திகையில் ஒரு நாள் அடைமழை. கடையில் நான் ஒருவன்தான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று கேட்டேன். பேச்சு அவர் ஊர்ச் சங்கத்துக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில்தான் வேர்விட்டன. பணம் ரோமில் இருக்கும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்திலிருந்து வந்தது. (உதவி என்கிறோம், அரசு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான் அது.) அக்காவுக்குத் தெரிந்தது ஒரு கறவை மாடு. "காலையில் மூன்று லிட்டர், சாயங்காலம் இரண்டு. சொசைட்டிக்கு ஊற்றியே கடனை அடைத்தேன் தம்பி" என்றார். அதன் கழுத்து மணி இன்றும் கடை ஆணியில் தொங்குகிறது. பார்சல் கட்டி முடித்தால் அதை ஆட்டித்தான் கூப்பிடுவார்.

மாடு வரைக்கும் சரி. நிலம்தான் மாட்டிக்கொண்டது. இரண்டு ஏக்கர் மானாவாரி, கேழ்வரகும் அவரையும். கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்கப் போனால், சிட்டாவில் உன் பெயர் இல்லையே, வீட்டுக்காரரைக் கூட்டிவா என்றார்களாம். வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டவர்.

"செத்திருந்தால் வாரிசுச் சான்றிதழாவது வாங்கியிருப்பேன். அந்த மனுஷன் உயிரோடு இருந்தாரே!" என்று சொல்லிக்கொண்டே இட்லித் துணியைப் பிழிந்தார்.

பிறந்த வீட்டிலும் வழி இல்லை. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களை அது சேர்க்கவில்லை. அக்காவுக்கு 1987இலேயே கல்யாணம். கிணறு வற்றியதும் மாட்டை விற்று ரயில் ஏறிவிட்டார்.

மாதவரத்திலிருந்து:

நான் பால்வண்டி ஓட்டியவன், அதனால் சொல்கிறேன். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் வெளிநாட்டுச் சரக்கில் நடந்ததுதான். ஐரோப்பாவிலிருந்து இலவசமாக வந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற காசு. சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. பால் ஊற்ற எவரும் பட்டா கேட்பதில்லை. தனியாக நின்ற பெண்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம். ஆனால் எங்கள் பெரியம்மா முப்பது வருடம் பால் கறந்தார், உறுப்பினர் அட்டை பெரியப்பா பெயரில். பட்டுவாடா நாளில் காசு அவர் சட்டைப் பைக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். உங்கள் அக்காவின் அட்டை யார் பெயரில் இருந்தது?

தண்டையார்ப்பேட்டையிலிருந்து:

இன்று காலை கேட்டேன். "என் பெயரில்தான். அதற்காக மூன்று முறை சண்டை போட்டேன். பட்டாவுக்கும் அப்படிப் போட்டிருக்க வேண்டும், அப்போது கையில் பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளைதான் கல்லாவில் உட்கார்ந்து எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தான்.