640 சிடிகளுக்கு ஒரு சர்வர்: நாஸ் பெட்டியா, ராஸ்பெரி பையா?

தம்புரா:
என்னிடமுள்ள 640 கர்நாடக இசை சிடிகளையும் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றி முடித்துவிட்டேன். மொத்தம் 220 ஜிபி வந்திருக்கிறது. கைப்பேசியில் தேடிக் கூடத்திலுள்ள ஆம்ப்ளிஃபையரில் கேட்க வேண்டும் என்பதே என் தேவை. வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமித்து வைக்கும், இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி வாங்கலாமா, உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பை போதுமா?

மூன்றாம்காலம்:
நாஸ் பெட்டியையே வாங்குங்கள், ஐயா. இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு எழுதப்படுவதால், ஒன்று பழுதானாலும் பாட்டு நிற்காது. சிறு கணினி ஒன்றை வைத்துப் பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மின்வெட்டில் அதன் மெமரி கார்டு இருமுறை கெட்டு, என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது.

பழைய கேசட்:
மெமரி கார்டுக்குப் பதிலாக யூஎஸ்பி வழியே ஓர் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இணைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். 220 ஜிபிக்கு நாஸ் என்பது ஆழாக்கு அரிசி வேக அண்டா வைப்பது போன்றது. அது ராஸ்பெரி பையைவிட 20 வாட் கூடுதலாக இழுத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 175 யூனிட் மின்சாரம் போகும். மென்பொருளுக்கு லிரியன் மியூசிக் சர்வரைப் பரிந்துரைக்கிறேன். வலையமைப்பு வழியே பாட்டு இசைக்கும் ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்காக எழுதப்பட்ட அந்த நிரல், லாஜிடெக் நிறுவனம் 2012இல் அக்கருவிகளைக் கைவிட்ட பிறகும், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் கையில் இன்றுவரை வளர்ந்துவருகிறது. இன்னொன்று: இரண்டு டிஸ்க் இருப்பது காப்புப் பிரதி ஆகாது. ஒரு தொகுப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழிந்துபோகும்.

மூன்றாம்காலம்:
காப்புப் பிரதி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தனியாக ஒரு டிஸ்க் எப்படியும் வேண்டும். ஆனால் லினக்ஸ் கட்டளை தெரியாத ஒருவரிடம் ராஸ்பெரி பையைக் கொடுத்துவிட்டு, அது நின்றுபோகும் நாளில் அவர் யாரிடம் போவார் என்று யோசிக்கவில்லையே!

அனுபல்லவி:
இருவரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். 640 சிடி சேர்ந்தபின் சங்கடம் தேடுவதில்தான் தொடங்கும். இணையத் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை இறக்கினால், ஒரு தொகுப்பில் பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் தியாகராஜர் இருப்பார். அவர் பெயரும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்று நான்கு விதமாக வரும். ஃபிளாக் கோப்பில் ராகத்துக்கென்று தனிப் புலம் (விவரம் எழுதும் இடம்) நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், பல சர்வர்கள் அதைத் திரையில் காட்டுவதில்லை. ஆகவே நான் இசைவகைப் புலத்திலேயே ராகத்தை எழுதிவிடுகிறேன். தோடியைத் தொட்டால் எல்லாத் தோடியும் வரிசையாக வந்து நிற்கும். மேலும், ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்குகளாக வெட்டிய சிடிகள் நிறைய உண்டு. வீட்டுக் கருவிகள் தமக்குள் பாட்டைப் பகிரும் டிஎல்என்ஏ முறை வழியே இசைக்கும் சில கருவிகள் டிராக்குகளுக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விடும், தானத்தின் நடுவே யாரோ கதவைச் சாத்தியது போல. வாங்குமுன் அப்படி ஒரு சிடியை ஓடவிட்டுப் பாருங்கள்.

தம்புரா:
மிக்க நன்றி. ராஸ்பெரி பையும் 500 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்க முடிவு செய்துவிட்டேன். பிரதி ஒன்று தங்கை வீட்டில் இருக்கும். பெயர்களைத் திருத்தும் வேலையை இன்றே தொடங்குகிறேன். முதல் நாற்பது சிடியிலேயே தீட்சிதர் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

மூன்றாம்காலம்:
உங்கள் விருப்பம். ஆனால் மின்வெட்டுக்கு என்ன வழி என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸை 5 வோல்ட் கேட்கும் ராஸ்பெரி பையில் அப்படியே செருகிவிடாதீர்கள்.