ஹோல்காவா, ஹாஃப் ஃப்ரேமா? யோசனை சொல்லுங்க

ஃபிலிமுக்குப் புதுசா வர்றவருக்கு ஒரு பிளாஸ்டிக் கேமரா தேடுறேன். பட்டியல்ல ரெண்டுதான்: கோடாக் எக்டார் எச்35 (ஹாஃப் ஃப்ரேம், அதாவது ஒரு படத்துக்கான இடத்துல ரெண்டு படம் எடுக்கும்), ஹோல்கா 120என் (120-ங்கிற அகலமான சுருள் போடுறது).

எச்35-ல 36 படச் சுருளுக்கு 72 படம். லென்ஸ் துளை எஃப்/9.5, ஷட்டர் வேகம் 1/100 நொடி, ரெண்டும் மாறாது. அதனால வெயிலுக்கு 200, மேகமூட்டத்துக்கு 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமோட ஒளி உணர்திறன்). வீட்டுக்குள்ள ஃபிளாஷ் இல்லாம எடுத்தா நெகட்டிவ் வெளிறிப்போகும். கலர் நெகட்டிவ் போதும். ஸ்லைடு ஃபிலிம் (நேரடியா பாசிட்டிவ் படம் தர்றது) இந்த வெளிச்ச ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

ஹோல்காவுலதான் கவனம் அதிகம் வேணும். 6×6 செ.மீ. சதுரப் படத்துக்கான சட்டம் உள்ள போட்டா, பின்பக்க அம்பு 12-ல (சுருளுக்கு 12 படம்) நிக்கணும். 16-ல இருந்தா படம் மேல படம் ஏறிடும். லென்ஸுக்கு அடியில இருக்கிற சுவிட்ச் ‘பி’க்கு (அழுத்திப் பிடிக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்) நழுவினா எல்லாம் கலங்கல்தான். சுருளை நகர்த்தாமலே ஷட்டர் மறுபடி விழும், அதையும் பழகணும். (எனக்கு அதுவே பிடிக்கும், புதுசா வர்றவருக்குப் பிடிக்குமா தெரியல.)

தெரிஞ்சவங்க சொல்லுங்க: 120 சுருள் தளர்வா சுத்தி ஓரத்துல வெளிச்சம் ஏறாம இருக்க, ஸ்பூலுக்கு அடியில மடிச்ச அட்டை நல்லதா, ஸ்பாஞ்சா? ஹாஃப் ஃப்ரேமை லேப்ல ரெண்டு ரெண்டா சேர்த்து ஸ்கேன் பண்ணித் தருவாங்களா, தனித்தனியா கேட்டா கூடுதல் காசா? சென்னை, கோவையில 120 டெவலப் எங்க பண்றாங்க?